தரையில் தேமல் விழாமல் இருக்க...



இந்தப் பகுதியில் சமையல் குறிப்பு, கைவைத்தியம், பிள்ளை வளர்ப்பு என்று எத்தனையோ எழுதுகிறீர்கள். வீடு கட்டும் விஷயத்தை மட்டும் நம்மில் யாரும் அதிகம் தொடுவதில்லை. அது ஆம்பிளைங்க பாடு, கொத்தனார் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கட்டி முடித்த பிறகு அந்தத் தரையோடு தினமும் மல்லுக்கட்டுவது யார்? நாம்தானே! அதனால்தான் பளபளப்பான டைல்ஸ் தரைக்கு சீலர் பூசுவதைப் பற்றி, அதுவும் திட்டுத் திட்டாக மங்கல் விழாமல் பூசுவதைப் பற்றி, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். புது வீடு கட்டுகிறவர்களுக்கும், பழைய தரையை மாற்றுகிறவர்களுக்கும் உதவும்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சிவப்புச் சிமெண்ட் தரைதான். காலையில் ஈரத்துணி போட்டுத் துடைத்து, எப்போதாவது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் முகம் பார்க்கலாம். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் பதித்த வீடுகளிலும் எண்ணெய் விட்டுத் துடைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் கல் சூளையில் சுடாதது. கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்ட் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. துடைக்கத் துடைக்க மெருகேறும்.

இப்போது நாம் போடுகிற விட்ரிஃபைடு டைல்ஸ் வேறு ஜாதி. இது பீங்கான் வகை. நம் ஊர்க் கடைகளுக்கு வருவதில் பெரும்பாலும் குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் செய்தவைதான். களிமண்ணையும் சில கல்மாவுகளையும் சேர்த்து, பெரிய அழுத்தம் கொடுத்து, சுமார் 1200 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். அதனால் அது தண்ணீர் குடிப்பது ரொம்பக் குறைவு. தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாததைத்தான் போர்சலின் வகையில் சேர்க்கிறார்கள். அதாவது 10 கிலோ டைல்ஸ் 50 கிராம் தண்ணீருக்கு மேல் குடிக்காது.

'அவ்வளவு கெட்டி என்றால் சீலர் என்னத்துக்கு?' என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

உங்கள் வீட்டுப் பீங்கான் கப் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலெல்லாம் வழுவழுவென்று இருக்கும். எத்தனை வருஷம் காபி ஊற்றினாலும் கழுவினால் போய்விடும். அடியில், மேசையைத் தொடுகிற வளையம் மட்டும் சொரசொரப்பாக, அழுக்கேறிக் கறுத்திருக்கும். மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு, அடி வளையத்தில் அது கிடையாது. அதுதான் வித்தியாசம்.

பாலீஷ் பண்ணிய டைல்ஸ் பலவற்றில் இந்தக் கண்ணாடிப் பூச்சு இல்லை. டைல்ஸின் உடம்பையே இயந்திரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். சுடும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அப்படித் தேய்க்கும்போது வாய் திறந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடித் துளைகள். மஞ்சள், டீ டிகாஷன், வெற்றிலைச் சாறு, பேனா மை எல்லாம் போய் உட்காருவது அங்கேதான். அந்தத் துளைக்குள் முதலிலேயே நாம் ஒரு காவலாளியை உட்காரவைப்பதுதான் சீலர் பூசுவது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சீலருக்கு இடம் துளைக்குள்ளேதான். மேலே தங்கினால் அது காவலாளி இல்லை, குப்பை. அந்தக் குப்பை காய்ந்தால் அதுதான் திட்டு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சீலர் அடிக்க இரண்டு பையன்கள் வந்தார்கள். நல்ல ஆடிச் சாரல் நேரம். ஹாலையும் இரண்டு அறையையும் ஒரே மூச்சில் மாப்பை வைத்து இழுத்துவிட்டு, "காயட்டும் அக்கா, நாளைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தரை பூராவும் தேமல் படர்ந்த முதுகு மாதிரி இருந்தது. நடந்தால் காலடித் தடம் வேறு விழுந்தது. போன் போட்டுக் கேட்டால், "தினம் துடைச்சா போயிரும்க்கா" என்றார்கள்.

பதினைந்து நாள் துடைத்தேன். போகவில்லை. பால் காய்ச்சுக்கு வந்த சொந்தக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு சித்தி வாய்விட்டே கேட்டுவிட்டார்கள், "இம்புட்டுச் செலவு பண்ணிப் புதுத் தரை போட்டு, இப்படியா வச்சிருக்கது? ஒழுங்காத் துடைக்க வேண்டாமா?" என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் மாமியார்தான், "அவ ரெண்டு வேளையும் துடைக்கா. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இது துடைக்காத அழுக்கு இல்ல, தரையிலயே ஏதோ கோளாறு" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய ஆறுதல்.

திரும்பக் கூப்பிட்டதற்கு வந்த பையன்கள், "ஆசிட் ஊத்திக் கழுவிருவோம்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. இலஞ்சியிலிருந்து, டைல்ஸ் பதிப்பதிலேயே தலை நரைத்த அண்ணாச்சி ஒருவரை எங்க வீட்டுக்காரர் அழைத்து வந்தார். அவர் குனிந்து விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "தாயி, இது கறை இல்ல. துடைச்சு எடுக்காம விட்ட சீலர். பூசத் தெரிஞ்சவன் நூறு பேரு இருக்கான், துடைக்கத் தெரிஞ்சவன் பத்துப் பேருதான்" என்றார்.

அவர் சொன்ன வைத்தியம் வேடிக்கையாக இருந்தது. திட்டு மேல் அதே சீலரைக் கொஞ்சம் விடச் சொன்னார். அதே டின்னில் இருந்த மிச்சம்தான். காய்ந்துபோன பழைய படலம் புதுச் சீலர் பட்டதும் இளகியது. வெள்ளை நைலான் நாரால் லேசாகத் தேய்த்து, காய்வதற்குள் பழைய வேட்டித் துணியால் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியால் மெருகேற்றினார். ஒரு டைல்ஸ் பளிச்சென்று வந்துவிட்டது. மீதியை நான் செய்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு நாளில் வீடு முழுக்க முடித்தேன்.

அந்த நாலு நாளில் அவரிடமும், தென்காசிக் கடையிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், சீலர் தேவையா என்று பாருங்கள்

எல்லா டைல்ஸுக்கும் சீலர் வேண்டாம். மேலே கண்ணாடிப் பூச்சு உள்ள வகைக்குத் தேவையே இல்லை. கடையில் ஜி.வி.டி., பி.ஜி.வி.டி. என்பார்கள். அதற்குள் சீலர் இறங்காது, மேலேயே நின்று திட்டாகும். 'டபுள் சார்ஜ்' என்று விற்கிற, உடம்போடு பாலீஷ் பண்ணிய வகைக்குத்தான் இந்தக் கேள்வி. அதிலும் சிலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே துளைகளை அடைத்து அனுப்புகிறார்கள். 'நானோ' என்று பெட்டியில் போட்டிருக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. மிச்சமான டைல்ஸ் ஒன்றை எடுத்து நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு, டிகாஷன் ஒரு சொட்டு, ஸ்கெட்ச் பேனாவில் ஒரு கோடு. அரை மணி நேரம் கழித்துச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சுத்தமாகப் போய்விட்டால் சீலர் செலவு மிச்சம். கறை நின்றால் சீலர் தேவை. இந்தச் சோதனையை வெயிலில் வைத்துச் செய்யாதீர்கள். மஞ்சள் கறை வெயில் பட்டால் தானாகவே வெளுத்து நம்மை ஏமாற்றிவிடும்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியது

சீலரில் இரண்டு விதம். ஒன்று மேலே படலமாக நிற்பது, இன்னொன்று உள்ளே இறங்குவது. பளபளப்பான போர்சலினுக்கு உள்ளே இறங்குவதுதான் வேண்டும். படலமாக நிற்பது இந்த வழுவழுப்பில் பிடிக்காமல் உரியும், கீறல் விழும். 'பாலீஷ் பண்ணிய போர்சலினுக்கு' என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஊறவிட வேண்டும், எத்தனை மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

பூசும் முன் தரை சுத்தம்

தரையில் எது இருந்தாலும் சீலர் அதையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். புது டைல்ஸ் மேல் லாரியில் வரும்போது கீறாமல் இருக்க மெழுகு மாதிரி ஒன்றைத் தடவி அனுப்புவது உண்டு. இடுக்குகளுக்குப் பூசிய ஜாயிண்ட் பவுடரின் வெள்ளைப் படலம் வேறு இருக்கும். மெழுகுக்கு வெந்நீரும் டைல்ஸுக்கென்று விற்கிற சோப்புத் திரவமும். சிமெண்ட் படலத்துக்கு அதற்கென்று விற்கிற மிதமான கிளீனர். அதைப் போடும் முன் இடுக்குகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டால் அவை அரிக்காது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவையாவது அலசித் துடைக்க வேண்டும். சோப்பு மிச்சம் நின்றால் அதுவே திட்டுக்கு விதை.

காய்வது முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றும் சாரலும் நமக்குச் சுகம்தான். குற்றாலத்துக்கு ஊர் ஊராக ஆள் வருவதே அதற்குத்தானே! ஆனால் சீலர் வேலைக்கு அது ஆகாது. ஈரம் உள்ளே நின்றால் சீலர் இறங்காது, மேலே மங்கலாக நின்றுவிடும். முடிந்தால் சீசன் கழித்துச் செய்யுங்கள். முடியாவிட்டால் ஒரு நாள் பூராவும் ஃபேனை ஓடவிட்டு, இடுக்குகள் ஈரக் கறுப்பு மாறி வெளுத்த பிறகு தொடங்குங்கள். நேர் வெயில் விழுகிற இடத்திலும் வேண்டாம். துடைப்பதற்குள் காய்ந்துவிடும்.

பூசும் முறை

பத்துக்குப் பத்து அறையில், இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் என்றால் இருபத்தைந்து இருக்கும். ஒரு தடவைக்கு நாலு டைல்ஸுக்கு மேல் தொடாதீர்கள். ஒரு துணியைச் சீலரில் நனைத்துப் பிழிந்து, மெல்லிசாகத் தடவுங்கள். நிறைய ஊற்றினால் நிறையப் பாதுகாப்பு என்பது இல்லை. குடிக்கிற தரைக்குத்தானே ஊற்ற வேண்டும்? இது குடிக்காத தரை.

டின்னில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள். பெரும்பாலும் ஐந்து பத்து நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் ஓரத்தில் காயத் தொடங்கினால் நேரத்தைப் பார்க்காமல் துடைத்துவிடுங்கள். முதல் துணியால் எல்லாவற்றையும் வழித்து எடுங்கள். இரண்டாவது, சுத்தமாகக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து மெருகேற்றுங்கள். பழைய பருத்தி வேட்டி, பனியன், மைக்ரோஃபைபர் துணி நல்லது. துணி ஈரமானதும் மாற்றிவிட வேண்டும். ஈரத் துணியால் துடைப்பது துடைப்பதில்லை, இடம் மாற்றித் தடவுவதுதான். ஒரு அறைக்குப் பத்துத் துணியாவது கையில் இருக்கட்டும்.

அடுத்த நாலுக்குப் போகும் முன், செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள். மேலிருந்து தெரியாத திட்டெல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும். அப்போதே இன்னொரு துடைப்பு துடைத்தால் வேலை முடிந்தது. நாளைக்கு என்றால் பத்து மடங்கு வேலை. உள் சுவரிலிருந்து தொடங்கி வாசலை நோக்கி வந்தால் துடைத்த இடத்தை மிதிக்க வேண்டியதில்லை.

முதலில் மிச்சமான டைல்ஸ் ஒன்றில் செய்து பார்த்துவிட்டு, பிறகு தரையில் கை வையுங்கள்.

திட்டு விழுந்துவிட்டால்

எண்ணெய் கலந்த வகை சீலராக இருந்தால், நான் சொன்ன மாதிரி அதே சீலரால் இளக்கி உடனே துடைக்கலாம். தண்ணீர் கலந்த வகை என்றால் எதைக் கொண்டு எடுப்பது என்று டின்னில் பாருங்கள், அல்லது கடையில் கேளுங்கள். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் கம்பி நாரும் கூடாது. பளபளப்பு போனால் திரும்ப வராது. சிவப்புத் தரை ஞாபகத்தில் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். இந்தத் தரைக்குள் அது இறங்காது. மேலே பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், வயசானவர்கள் வழுக்கி விழவும் வழியாகும்.

ஜாக்கிரதை!

எண்ணெய் வகை சீலரின் ஆவி தீப்பற்றக்கூடியது. பூசும்போதும், நெடி போகிற வரையிலும் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். இளைப்பு உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் அன்றைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். சீலர் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

ஆசிட் விஷயம் இன்னும் முக்கியம். பாத்ரூம் கழுவுகிற ஆசிட் இடுக்குச் சிமெண்டை அரித்துவிடும். அதன் புகை நம் நெஞ்சுக்கும் கேடு. ஆசிட் போட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சே அடைத்துவிடும். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கலந்த கிளீனர்களும் உண்டு. அது பீங்கானையே தின்னும், தோலில் பட்டால் ஆபத்து. வேலைக்கு வருகிறவர்கள் பேர் தெரியாத பாட்டிலைத் திறந்தால், "அதுல என்ன இருக்கு, சொல்லிட்டு ஊத்துங்க" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஊற்றிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். அந்த நெடியில் சமைக்கப் போவது நாம்.

தினசரி கவனிப்பு

சீலர் பூசியாயிற்று என்று மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு சீரியல் பார்க்க உட்காரக்கூடாது. சீலர் கறையைத் தடுத்து நிறுத்துவதில்லை, நமக்கு நேரம் வாங்கித் தருகிறது. அவ்வளவுதான். சிந்தியதும் துடைத்தால் போதும். தினம் துடைக்கிற தண்ணீரில் சோப்பும் பினாயிலும் அதிகமானால் அதுவும் மங்கல் படலமாகப் படியும். கொஞ்சமாகப் போட்டு, நல்ல தண்ணீரில் ஒரு தடவை துடைத்து, சாரல் நாளானால் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் அந்தக் கடைசி இழுப்பு கட்டாயம். வருஷத்துக்கு ஒரு தடவை அடுப்படியில் ஒரு மூலையில் டிகாஷன் சொட்டு விட்டுப் பாருங்கள். கறை நிற்கத் தொடங்கினால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பூசினால் போதும்.

கடைசியாக ஒன்று. வீடு கட்டும்போது டைல்ஸ் கலரை மட்டும் நம்மிடம் கேட்கிறார்கள். எந்த வகை, எந்தச் சீலர், யார் பூசுவது என்பதை நம்மிடம் கேட்பதில்லை. நாமாகக் கேட்க வேண்டும் சகோதரிகளே. சீலர் பூச வருகிறவர்களிடம், "எத்தனை டைல்ஸா பூசுவீங்க, எத்தனை துணி கொண்டு வந்திருக்கீங்க?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதிலிலேயே வேலை தெரிந்துவிடும். ஒரே மாப்போடு வந்திருந்தால் அன்றைக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

துணைக்கு ஒரு ஆளும் பத்துப் பழந்துணியும் இருந்தால் இது நாமே செய்யக்கூடிய வேலைதான். உங்கள் வீட்டுத் தரையில் உங்களுக்குக் கிடைத்த அனுபவத்தையும் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.

- ஒரு வாசகி, மேலகரம், தென்காசி மாவட்டம்.